ஆற்றுதலும் ஆற்றுப்படுத்தலும்

(மலையக மக்களின் மனவடுவும் உளவளத்துணையின் அறமும்)

துன்புற்றாரைத் தேற்றுதல் எல்லாச் சமுதாயங்களாலும் அறமெனப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயின், தேற்றுதல் எப்பொழுது அறமாகின்றது, எப்பொழுது அது அறத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும் போலியாகி விடுகின்றது என்ற வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. பசித்தவனுக்கு ஆறுதல் கூறி அனுப்புவது ஆறுதலாகாது. அதே வேளையில், மகவை இழந்த தாயின் கையில் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகிச் செல்வதும் உதவியாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் இன்று 'உளவளத்துணை' எனப்படும் துறை நிற்கின்றது. மனவடுவுற்றோர் குணமடைதற்கு அத்துறை எவ்வாறு உதவும், எங்கே அதன் எல்லை முடிகின்றது என்பதை மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வினை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது 600க்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. அதனையடுத்த நாட்களில், தேயிலைத் தோட்டமொன்றை அண்டிய பாடசாலையில் அமைந்திருந்த முகாமிற்கு மாணவர் சிலருடன் நானும் தொண்டு செய்யச் சென்றிருந்தேன். அங்கே வந்திருந்த இளம் ஆற்றுப்படுத்துநர் ஒருவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரின் அருகில் அமர்ந்து, மனத்தில் இருப்பதைச் சொல்லுமாறு மிகுந்த கனிவுடன் கேட்டார். அப்பெண் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மிஸ், என் மனசு நல்லாத்தான் இருக்கு. மலைதான் சரியில்ல. இன்னும் எத்தன நாளைக்கு இங்க படுக்கிறது, அதுக்கப்புறம் எங்க போறதுன்னு மொதல்ல சொல்லுங்க. மனசப் பத்திப் பொறகு பேசலாம்" என்றார். வந்தவருக்கு மறுமொழி கூற இயலவில்லை. எனக்கும் அன்று இயலவில்லை. அப்பெண் உதவியை மறுத்தாரா, அன்றி உதவி எங்கே தொடங்க வேண்டுமென்று நமக்குக் கற்பித்தாரா? இவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியாகவே பின்வருவனவற்றை எழுதுகின்றேன்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'ட்ரோமா' என்னும் மேலைநாட்டுச் சொல் கிரேக்க மொழியில் உடற்காயத்தைக் குறித்தது. உள்ளத்துக் காயத்தையும் அது குறிக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், பேரிடருக்குப் பின்னர் நீடிக்கும் உளநெருக்கீட்டினைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய போர்வீரரின் நிலை அதற்கு முக்கிய காரணமாயிற்று. ஈழத்திலே இதற்கு 'மனவடு' என்னும் தமிழ்ச்சொல் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட நூலின் பெயரும் அதுவே. இச்சொல்லைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். வடு என்பது புண்ணன்று. புண் ஆறிய பின்னர் எஞ்சும் அடையாளம். வடு இல்லாதொழிவது குணமடைதலாகாது. புண் வடுவாக மாறுவதே குணமடைதலாகும். நடந்ததை மறக்கச் செய்வதாக எவரேனும் வாக்களிப்பாராயின் அவர் பொய் கூறுகின்றார் என்பதை நம் மொழியே நமக்கு உணர்த்திவிடுகின்றது.

உளவளத்துணைக்கு வழங்கும் மற்றொரு பெயர் 'ஆற்றுப்படுத்தல்' என்பதாம். இச்சொல்லில் இரு பொருள்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ஆற்றுதல் என்பது வெம்மையைத் தணித்தல். ஆறு என்பது வழி; எனவே ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். சங்க இலக்கியத்து ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, தான் நடந்த வழியை அவனுக்குக் கூறுகின்றான். கூறுபவன் மருத்துவனுமல்லன், அறிஞனுமல்லன். அதே பசியை அறிந்தவன், அதே பாதையை நடந்து முடித்தவன். இக்கருத்திற்குப் பின்னர் மீளவும் வருவேன்.

இனி, மலையக மக்களின் காயம் யாது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைச் சுவை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுத்துள்ளார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பனவாம். பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல் அசைவு. வாழ்வுக்கு வேண்டியவை வாய்க்காமை வறுமை. ஈராயிரம் ஆண்டுப் பழைமை கூறப்படும் இவ்வகைப்பாடு மலையகத்தின் வரலாற்றை முன்னறிந்து வகுத்ததோ என எண்ணத்தக்க வகையில் பொருந்தி நிற்கின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு அவர்தம் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் 'நீ யார்?' என்ற வினாவிற்கு விடையற்று வாழ நேர்ந்தது. இஃது இளிவு. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களின் விருப்பம் ஒப்பந்தத்திற்கு முன்னர் கேட்கப்படவில்லை. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றழைத்தனர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அவர்கள் மீண்டும் அந்நியராயினர். இஃது அசைவு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன, இது வறுமை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிக்கப்பட்டுப் பலர் வன்னிக்கு ஓடினர். அங்கும் பின்னர் போர் அவர்களைத் தொடர்ந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தது. இவை இழவு. ஒரு சமுதாயத்தின் மீது நான்கு வகைத் துயரும் ஒருங்கே இறங்கிய வரலாறு இது. ஆகவே மலையகத்தில் 'மனவடு' என்று பேசுவோர் ஒரு நாளின் நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் பேச இயலாது.

இனி, உளவளத்துணை எவ்வாறு பயன் தருகின்றது என்பதை நோக்குவோம். பேரச்சத்தின்போது உடல் தற்காப்புக்காக விழித்தெழுகின்றது. நெஞ்சு படபடக்கின்றது, புலன்கள் கூர்மையடைகின்றன. ஆபத்து நீங்கியதும் இவ்விழிப்பு அடங்குதல் இயல்பு. மனவடுவுற்றோரிடம் அஃது அடங்குவதில்லை. நடந்தது கடந்த காலத்திற்குரிய கதையாக அமையாது, இப்பொழுதே நடப்பது போன்று ஒலியாகவும் மணமாகவும் கனவாகவும் துண்டு துண்டாகத் திரும்பி வருகின்றது. மழை இரைச்சல் கேட்டவுடன் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும் தாய் அதனை அறிவால் விலக்க முடியாது. ஏனெனில் அறிவு கூறும் முன்னரே உடல் ஓடிவிடுகின்றது. நம்பத்தக்க ஒருவர் முன்னிலையில், அச்சமற்ற இடத்தில், தானே தெரிந்த வேகத்தில் அதனைச் சொல்லச் சொல்ல, சிதறிய துண்டுகள் முன்னும் பின்னும் உள்ள ஒரு கதையாகக் கோக்கப்படுகின்றன. கதையாகிய பின்னர் அதற்கு முடிவு உண்டு. 'அது அன்று நடந்தது, இன்று நான் இங்கிருக்கின்றேன்' என்று உடலும் படிப்படியாக ஏற்றுக்கொள்கின்றது. 1895இல் புறோயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் வரும் பெண்ணொருத்தி தனக்களிக்கப்பட்ட சிகிச்சையைப் 'பேச்சு வைத்தியம்' எனக் குறித்தாள். பின்வந்த கார்ல் ரொஜர்ஸ், கேட்பவரின் அறிவுரையைக் காட்டிலும், அவரது உண்மைத் தன்மையும் நிபந்தனையற்ற மதிப்பும் மற்றவர் உணர்வைத் தம் உணர்வு போல் அறியும் திறனுமே மாற்றத்தை விளைவிக்கின்றன என்று வற்புறுத்தினார்.

அறிவுரை ஏன் ஆற்றுவதில்லை என்பதை மணிமேகலையும் காட்டுகின்றது. சக்கரவாளக் கோட்டத்தில் மகனை இழந்த கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகின்றாள். தெய்வம் ஊழின் நியதியை எடுத்துரைக்கின்றது. கூற்று உண்மையே, ஆயினும் கோதமை ஆறவில்லை. தன் உயிரைக் கொண்டு மகனின் உயிரைத் தருமாறு வாதாடுகின்றாள். இறுதியில் தெய்வம் அவளை அதட்டி அனுப்பாது, அண்டத்துத் தேவரனைவரையும் அவள் முன் வரவழைத்து, அவள் வினாவை அவர்களிடமே கேட்கச் செய்கின்றது. அதன் பின்னரே அவள் தன் மகனைச் சுடலையில் இடுகின்றாள். விடை மாறவில்லை; ஆனால் அவளது வினா கேட்கப்படத்தக்கதென ஏற்கப்பட்டது. 'எல்லாம் விதி, அழாதே' என்று லயத்து வாசலில் நின்று கூறிவிட்டுச் செல்வோருக்கும் சம்பாபதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இத்துணை கூறியதனால் உளவளத்துணையை எவ்விடத்தும் எம்முறையிலும் நன்மையே பயப்பதாகக் கொள்ளலாகாது. பேரிடர் நிகழ்ந்த உடனேயே பாதிக்கப்பட்டோர் அனைவரையும் அமர்த்தி, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறையொன்று முன்னர் பரவலாகக் கையாளப்பட்டது. அதனை ஆராய்ந்தோர் அது நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்கே விளைத்தது என்றும் கண்டனர். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளில் வந்திறங்கிய வெளிநாட்டு ஆலோசகருட் பலர் நம் மொழியையோ இழவு வீட்டு வழக்கங்களையோ அறியாதவர்களாயிருந்தனர். இலங்கையரிடம் ஆய்வு நடத்திய உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ, இங்குள்ளோர் தம் துயரை உள்ளத்தினுள் நிகழும் கோளாறாக அன்றி, உறவிலும் சமூகக் கடமையிலும் ஏற்பட்ட முறிவாகவே பெரிதும் உணர்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். முகாமில் நான் கண்ட பெண்ணின் கூற்று இதனோடு ஒத்துச் செல்கின்றது. அவர் தம் மனத்தைத் தம் மலையிலிருந்து பிரித்துப் பேச மறுத்தார்.

இவ்விடத்தில் உளவளத்துணைக்கு எதிராக எழுப்பப்படும் இரு வலிய மறுப்புகளை ஆராய்தல் வேண்டும். எங்கள் மக்களுக்கு அழவும் ஆறவும் தெரியும், ஒப்பாரியும் தப்பும் கூத்தும் கோயிலும் இருக்க அந்நியத் துறையொன்று எதற்கு என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்கள், இம்மக்கள் தம் துயரைச் சொல்லாகவும் இசையாகவும் மாற்றும் ஆற்றல் படைத்தவர் என்பதற்குச் சான்றாவன. ஒப்பாரியில் ஒருத்தி அழும்போது ஏனைய பெண்கள் தோளைப் பற்றிக்கொண்டு உடன் அழுகின்றனர். இறந்தவனைப் புகழ்வதோடு, அவனை வாழவிடாதவரைச் சாடுவதற்கும் அங்கே இடமுண்டு. காமன் கூத்திலே எரிந்த காமனுக்காக ஊரே கூடி நிற்கின்றது. இவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்கிய கல்வியாளர் பெரும்பிழை செய்தனர்.

எனினும் ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். ஒரு நாள் வேண்டும். உடனிருந்து அழும் அயலார் வேண்டும். மீரியபெத்தையில் மண்ணுள் மறைந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. உடன் அழ வேண்டிய அயலாரும் அதே மண்ணின் கீழேயே கிடந்தனர். அழுகைக் கோச்சியில் சென்றவர் இறந்தாருமல்லர், இருப்பாருமல்லர். இத்தகைய இழப்பினைப் பவுலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 'தெளிவற்ற இழப்பு' எனப் பெயரிட்டு ஆராய்ந்துள்ளார். முடிவு தெரியாமையால் துயரம் தொடங்கவும் முடியாது, ஓயவும் முடியாது என்பது அவர் காட்டும் உண்மை. சடங்குகள் கைவிடும் இவ்விடத்தில் பொறுமையுடன் கேட்கும் ஒரு செவி தேவைப்படுகின்றது. மேலும் சில துயரங்கள் ஊரின் முன் பாடத்தக்கன அல்ல. கணவனிடம் அடிபடும் பெண்ணும், நகரத்து வீட்டில் வேலைக்கு அனுப்பப்பட்டுச் சீரழிந்து திரும்பிய சிறுமியும் யாரிடம் ஒப்பாரி வைப்பர்? அவர்களைப் பொறுத்தவரை ஊர் ஆறுதலன்று, அச்சமாகும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் கடுமையானது. அநீதியை நோயாக்கி, நோயாளியை அதனோடு பொருந்தி வாழப் பழக்குவதே உளவளத்துணை என்பது அது. சரிவான மலையின் விளிம்பில் நூறாண்டுப் பழைமையான லயத்தில் ஒருவரை வைத்துவிட்டு, மழைக்கு அஞ்சுவதற்கு அவருக்குச் சிகிச்சை அளிப்பது நகைப்புக்கிடமன்றோ? இம்மறுப்பிற்கு ஆதாரமாக இலங்கையின் அனுபவம் ஒன்றையே காட்டலாம். 1995இல் இந்நாட்டில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அடுத்த இரு தசாப்தங்களில் அஃது ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ச்சியடைந்தது. இதற்கு முதன்மைக் காரணமாக ஆய்வாளர் சுட்டுவது மனமாற்றத்தையன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையையே ஆகும். நஞ்சு கைக்கெட்டாதபோது, அந்தக் கணத்தைக் கடந்து பலர் உயிர் பிழைத்தனர். மனிதரைக் காப்பதற்குச் சில வேளைகளில் மனத்தைவிடச் சூழலை மாற்றுவதே பயன் தருமென்பதை இது மறுக்கவொண்ணாதவாறு காட்டுகின்றது.

இம்மறுப்பினை நான் ஏற்கின்றேன். ஆயினும் அதன் முடிவினை முழுமையாக ஏற்க இயலவில்லை. தொல்காப்பியரின் நால்வகையை மீண்டும் துணைக்கொள்வோம். வறுமையால் எழும் அழுகைக்கு உளவளத்துணை மருந்தன்று, ஊதியமே மருந்து. நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை 2015 முதல் எழுப்பப்பட்டு 2021இலேயே சட்டத்தால் ஏற்கப்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் எத்துணைச் சிறந்த ஆலோசகரும் அதற்கு ஈடாகியிருக்க முடியாது. அசைவால் எழும் அழுகைக்கு நிலமும் வீடும் உறுதிப்பத்திரமும் வேண்டும். இளிவுக்கு முதலாவது மருந்து சட்டம். 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அதன் ஒரு பகுதியை நிறைவேற்றியது. ஆனால் இழவு? மண்ணுள் போன மகனை எந்த ஊதியமும் எந்தச் சட்டமும் மீட்டுத் தரா. வறுமைக்கு உளவளத்துணையை வழங்குதல் மோசடி. வறுமை ஒழியும் வரை இழவுற்றார்க்கு அதனை மறுத்தல் கொடுமை. நீதி வரும்வரை காத்திருக்கலாம் எனக் கூறுவோர், காத்திருப்பவர் ஒவ்வோர் இரவையும் தனித்தே கடக்க வேண்டியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறாத புண் அவரோடு நிற்பதுமில்லை. வாய்திறவாத் தந்தையின் குடியாகவும், காரணமின்றிச் சீறும் தாயின் கையாகவும் அது பிள்ளைகளைச் சென்றடைகின்றது.

இளிவினைப் பற்றி இன்னுமொன்று கூறல் வேண்டும். தோட்டத்தில் ஒரு மனிதரின் பெயர் நாளொன்றின் கூலியைக் குறிக்கும் அலகாகும். பிரட்டுக்களத்தில் 'பேர்' போடப்படுகின்றது. நிறை குறைந்தால் 'அரைப்பேர்' ஆகின்றது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் எண்ணாகவே வழங்கிய இடத்தில், ஒருவர் முன் அமர்ந்து, பறித்த கொழுந்தின் நிறையைக் கேளாது அவர் பட்டதைக் கேட்பது சிறிய செயலன்று. இகழ்ச்சியின் உட்பொருள் 'உன் சொல் கேட்கத்தக்கதன்று' என்பதாகும். எனவே, கேட்டல் என்பது இளிவுக்கு எதிரான முதல் நீதியாகவும் அமைகின்றது. ஆறுதல் பெற்றவர் அடங்கிவிடுவர் என அஞ்சுவோருக்கு இதுவே எனது விடை. தம் துயரைக் கோவையாகச் சொல்லக் கற்றவரே அதன் காரணத்தையும் கோவையாகச் சொல்லக் கற்கின்றார். ஒருவர் தனியே 'என் தலையெழுத்து' என்று எண்ணியதை, இருபது பேர் ஒன்றாக அமர்ந்து பேசும்போது, அது தலையெழுத்தன்று, எவரோ எழுதிய எழுத்து என்று உணர்கின்றனர்.

1992இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன், மனவடுவினின்று மீளுதலை மூன்று படிகளாக வகுத்தார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது நினைவுகூர்தலும் துக்கங்காத்தலும், மூன்றாவது மீண்டும் மக்களோடு இணைதல். பாதுகாப்பு இன்றி அடுத்த படிக்குச் செல்லலாகாது என்பது அவர் கூற்று. முகாமில் அப்பெண் கூறியதும் இதுவேயன்றோ? படுக்க இடம் கேட்டவர் அறியாமையால் கேட்கவில்லை. அத்துறையின் முதல் விதியையே தம் மொழியிற் கூறினார். ஆகவே, அவ்விளம் ஆற்றுப்படுத்துநர் அன்று செய்திருக்க வேண்டியது யாதெனில், எழுந்து சென்று, கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ அவ்வினாவினைக் கேட்டு, கிடைத்த விடையை அன்று மாலையே திரும்பி வந்து சொல்வதாகும். விடை 'தெரியாது' என்பதாயினும் திரும்பி வருதல் வேண்டும். ஆற்றுதல் அமர்ந்து செய்வது. ஆற்றுப்படுத்தல் எழுந்து நடந்து செய்வது. இரண்டும் ஒருவரிடத்தே கூடும்போதே அத்தொழில் அறமாகின்றது.

இதனின்று சில நடைமுறைக் கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது மொழி. துயரம் தாய்மொழியிலேயே வாழ்கின்றது. இடையிலே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு அதனைத் தொடுதல் அரிது. அதுவும் ஏட்டுத் தமிழாக இராது, லயத்துத் தமிழாக இருத்தல் வேண்டும். இரண்டாவது மறைகாத்தல். ஒரு காம்பராவிற் பேசுவது அடுத்த காம்பராவிற் கேட்கும் லயத்தில், இரகசியம் பேணுதற்கு இடமொன்றை அமைப்பதே பெரும் பணியாகும். மூன்றாவது நேரம். அதிகாலையில் பிரட்டுக்குச் சென்று மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணை, அலுவலக நேரத்தில் நகரத்துக்கு வந்து ஆலோசனை பெறுமாறு கூறுவது அவரது ஒருநாட் பேரை இழக்கச் சொல்வதாகும். நான்காவது நிலைபேறு. இடர் நிகழ்ந்த மாதம் பலர் வருவர். மூன்றாம் மாதம் ஒருவரும் வாரார். ஆனால் மனவடு பெரும்பாலும் எல்லோரும் சென்றபின்னரே பேசத் தொடங்குகின்றது. 1974இல் நிறுவப்பட்ட சுமித்ரயோ, 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசிச் சேவை, பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோரின் பணிகள் போற்றத்தக்கன. எனினும் அவற்றை அறிந்து அணுகும் வழியைத் தோட்டத்து மக்களுக்குக் காட்டுவார் வேண்டும்.

இங்கேதான் ஆற்றுப்படையின் கருத்து மீண்டும் பொருந்துகின்றது. வழிகாட்டுதற்கு மிகத் தகுதியுடையார் அவ்வழியே நடந்தவர். பிள்ளைக்காம்பராவைப் பராமரிக்கும் பெண், தோட்டப் பாடசாலை ஆசிரியர், இழவு வீடுகளில் முதலில் சென்று நிற்கும் மூதாட்டி ஆகியோர் பயிற்சியும் ஊதியமும் துறைசார் மேற்பார்வையும் பெறுவாராயின், அவர்களே நம் மலைகளின் சிறந்த ஆற்றுப்படுத்துநராவர். போரால் சிதைந்த வடக்கிலும் ஆசிரியர் முதலாய சமூகத் தொண்டரைப் பயிற்றியே இப்பணி விரிவாக்கப்பட்டது. பல்கலைக்கழகம் புகுந்த எம் போன்றோருக்கும் இதில் கடன் உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிரே வருவோனைக் காணாதவன்போற் சென்றுவிடின், அவன் பெற்ற பரிசிலுக்குப் பொருளில்லை.

முடிவாக ஒன்று. என் அம்மாயியின் மூத்த சகோதரி எழுபதுகளில் குடும்பத்தோடு அழுகைக் கோச்சியில் சென்றவர். 1984இல் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் நின்றபின் கடிதங்களும் நின்றுபோயின. அம்மாயி அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. கற்ற செருக்கால் நான் பலமுறை துருவித் துருவிக் கேட்டிருக்கின்றேன். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து அடுப்பைக் கவனிக்கச் சென்றுவிடுவார். புயலின் பின் முகாமிலிருந்து நான் வீடு திரும்பிய இரவு, கேள்வி எதுவும் கேளாது அவர் அருகில் அமர்ந்திருந்தேன். அன்று எனக்கும் பேச ஒன்றுமிருக்கவில்லை. நெடுநேரங் கழித்து, "அக்கா போறப்ப என் பாவாடைய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஒன்னே ஒன்னுதான் எங்கிட்ட இருந்துச்சு. அதுக்காக நான் டேசனுக்குப் போகாம கோவிச்சுக்கிட்டுக் காம்பராவுலேயே இருந்துட்டேன்" என்றார். ஐம்பது ஆண்டுகளாக அவர் சுமந்தது ஒப்பந்தத்தையன்று. வழியனுப்பச் செல்லாத அந்த ஒரு காலைப்பொழுதை. எந்த வரலாற்று நூலிலும் அது இல்லை. எந்த இழப்பீடும் அதனை அறியாது.

நான் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கூறத்தக்கது எதுவும் இருந்ததாகவும் தோன்றவில்லை. மறுநாட் காலையில் அவர், அச்சகோதரியின் பெயரையும், சென்றதாகச் சொல்லப்பட்ட ஊரின் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். அத்தாளை வைத்துக்கொண்டு நீலகிரியில் விசாரிக்கத் தொடங்கியுள்ளோம். விடை வருமோ என்பது தெரியாது. ஆயினும், கேட்கப்பட்ட துயரம் தானே எழுந்து வழி தேடத் தொடங்குகின்றது என்பதை அன்று கண்டேன். மனவடுவுற்றாரின் சொல்லைக் கேட்பதும், அச்சொல் சுட்டும் அநீதியை நீக்க உழைப்பதும் ஒன்றற்கொன்று மாற்றாகா. ஒன்றின்றி மற்றது நிறைவுறாது என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.